குருவிப்பாறை சார்ஜரை ‘வெள்ளம்’ பக்கம் திருப்ப வேண்டாம்

அனுப்புநர்:
கு. மாரீஸ்வரி, ஒன்பதாம் வகுப்பு,
தோட்ட லயம், குருவிப்பாறை,
போடிமெட்டு அருகில், இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
வயர்லெஸ் பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
இடுக்கி மாவட்டம்.

பொருள்: ரிப்பீட்டர் அறையின் பேட்டரி சார்ஜரை ‘சீல்’ பக்கமே விட்டுவைக்க உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ரிப்பீட்டர் நன்றாக வேலை செய்கிறது. நன்றாக இருப்பதைக் கெடுத்துவிட வேண்டாம் என்று கேட்கத்தான் இந்தப் புகார்.

1. என் அப்பா குருசாமி அந்த அறையின் தினக்கூலிக் காவலர். மலைக்கு இந்தப் பக்கம் பேசுவதை அந்தப் பக்கம் கேட்கவைக்கும் ரிப்பீட்டர், கரண்ட் போனால் பேட்டரியில்தான் ஓடும். சார்ஜர் சுவிட்சின் இருபுறமும் மலையாளத்தில் ‘சீல்’, ‘வெள்ளம்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறது.

2. அப்பாவுக்கு மலையாளம் பேச வரும்; வாசிக்க வராது. நான்தான் வாசித்துச் சொன்னேன். வெள்ளம் என்றால் தமிழில் வேறு என்ன பொருள்? மழைக்காலத்துக்கு உரியது என்று எண்ணி, போன வருடம் ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கியதுமே அப்பா பொறுப்பாக அந்தப் பக்கம் திருப்பிவைத்தார். ஆடிக்குள் பேட்டரி வயிறு உப்பி வீணானது. கரண்ட் போனதும் வயர்லெஸும் ஊமையானது.

3. புதுப் பேட்டரி வந்த பிறகு, என் தோழி ஜிஸ்மியிடம் இதைச் சொன்னேன். “எடீ மண்டி, வெள்ளப்பொக்கமல்லடீ, குடிக்கிற வெள்ளம்!” என்று என்னை மக்காக்கி, வகுப்பே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அதாவது, தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு உரிய பக்கம் அது. அங்கே வைத்தால் சார்ஜர் அவ்வப்போது கூடுதல் வோல்ட் கொடுக்கும். தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். எங்களுடையது சீல் பேட்டரி. ஊற்றுவதற்கு மூடியே கிடையாது. உள்ளே காய்ந்து உப்பிவிடும். அப்பா உடனே சுவிட்சை ‘சீல்’ பக்கம் திருப்பிவிட்டு, முன்பு இங்கே வந்துகொண்டிருந்த மெக்கானிக் பிஜு அவர்களிடம் போனில் கேட்டார். “குருசாமியண்ணே, சீலிலேயே இருக்கட்டும், தொடவே வேண்டாம்” என்றார்.

4. அதன் பலனைத் தாங்கள் அறிய வேண்டும். ஐப்பசி மழையில் கரண்ட் போய்க் கிடந்தபோது, பக்கத்து வீட்டுத் தமிழ்ப்ரியா அக்காவைப் பிரசவத்துக்கு ஏற்றிப்போன ஜீப், மண் சரிந்த வளைவில் நின்றுவிட்டது. டிரைவர் ஓடிவந்து சொன்னதும் அப்பா வயர்லெஸில் செக்போஸ்டுக்குச் சொல்ல, சரிவுக்கு மறுபக்கம் ஆம்புலன்ஸ் வந்தது. அக்காவைத் தூக்கிக் கடத்தி ஏற்றினார்கள். எங்கள் லய வீடுகளின் சனமே அறை வாசலில் நனைந்துகொண்டு நின்றது. பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று செய்தி வந்ததும் ஒரே கூச்சல். “ஏ குருசாமி, புள்ள யாரு சாயல்னு கேளுப்பா!” என்று லயத்துச் சாந்தம்மாள் கத்தினார். வயர்லெஸில் வீண்பேச்சு கூடாது என்ற விதிப்படி அப்பா கேட்கவில்லை. கூச்சல் அங்கேயும் கேட்டிருக்க வேண்டும். “தலை நிறைய முடி, ஓவர்” என்று, வயர்லெஸில் பேச்சை முடிக்கும் சொல்லோடு, எதிர்முனையில் இருந்தவரே சொல்லிவிட்டார். குழந்தையின் பெயர் பவ்யா. ஆனால் லயத்தில் எல்லோருக்கும் அவள் ‘ஓவர்’தான்.

5. இப்போது, ஜூன் முதல் தேதிக்குள் எல்லா நிலையங்களிலும் சுவிட்ச் ‘வெள்ளம்’ பக்கம் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. மற்ற நிலையங்களில் தண்ணீர் பேட்டரி இருப்பதால் அது சரியாக இருக்கலாம். எங்கள் அறைக்குச் சரிவராது. அப்பாவுக்கும் இது தெரியும். ஆனாலும், “ஆபீஸ்ல எழுதிட்டாங்கன்னா எழுதுனதுதான், நமக்கெதுக்கு வம்பு” என்கிறார். திருப்பிவிடுவார். இந்த மழையில் மறுபடி சாலை அடைபட்டால் கூப்பிட வழியிருக்காது.

6. அப்பா உறங்கிய பிறகு எழுதுகிறேன். மகள் ஆபீசுக்கு எழுதினாள் என்று தெரிந்தால் தம் வேலை போய்விடும் என்று பயப்படுவார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. விளக்கை மறைத்துவைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

ஆகையால், எங்கள் அறைக்கு மட்டும் ‘சீல்’ என்று உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எனக்குத் தபாலில் பதில் வேண்டாம். தபாலை அப்பாதான் வாங்குவார். காலையில் எல்லா நிலையங்களையும் அழைத்து விசாரிக்கும்போது, தாங்களே கவனித்ததுபோல, குருவிப்பாறை சார்ஜரை அப்படியே விடவும் என்று வயர்லெஸில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவுக்குப் பால் சேர்க்காத கட்டன் சாயா எடுத்துக்கொண்டு அந்த நேரத்தில்தான் நான் மேலே வருவேன். வாசலில் நின்றே கேட்டுக்கொள்வேன்.

இடம்: குருவிப்பாறை
நாள்: 17.05.2025

இப்படிக்கு,
தங்கள் குரலுக்குக் காத்திருக்கும்
கு. மாரீஸ்வரி