எஸ்தர் அம்மாள் எதற்கு வருகிறாள்?

பெங்களூர் தண்டு (கண்டோன்மென்ட்), 1919 ஆகஸ்ட் 14, வியாழன் இரவு

இன்றைக்கும் உபதேசியாரின் மனைவி எஸ்தர் அம்மாள் வந்தாள். என் மகன் தானியேல் விஷக்காய்ச்சலில் போனபின் நான் ஆராதனைக்குப் போவதில்லை. அதை வேவு பார்த்துப் போதகரிடம் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தேன். வருவாள், காப்பி குடிப்பாள், சும்மா உட்கார்ந்திருப்பாள். வேதாகமத்தைத் திறப்பதுகூட இல்லை. அதுவே என் சந்தேகத்தைக் கிளப்பியது.

இன்று கேட்டேவிட்டேன். "எதுக்கும்மா தினம் வர்றீங்க?"

டம்ளரைக் கீழே வைத்தாள். "என் பொண்ணும் அதே காய்ச்சல்லதானே போனா. அப்பறம் எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது. எந்த வீட்டுக்குப் போனாலும், ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்கம்மாங்கறாங்க. உங்க வீட்ல மட்டுந்தான் கேக்கறதில்ல."

என்னை மறுபடி ஜெபிக்க வைக்கத்தான் இப்படிச் சொன்னாளோ? செய்யக்கூடியவள்தான். இதை எழுதும்போதும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

ஆனாலும் சற்றுமுன் முழங்காலில் நின்றேன். எனக்காக ஒரு வார்த்தையும் வரவில்லை. அவளுக்காகக் கேட்டேன், வந்தது.

நாளைக்கு வந்தால் இதை அவளிடம் சொல்லக் கூடாது.