முடிக்கோலம் நீங்கிக் கூடைக்கோலம் நின்ற காரணம்

மழை பொய்யாதிருக்க, மாடு கன்று பெருக, மன்னர் கோல் கோடாதிருக்க.

கிழக்கே கடலும் மேற்கே ஏழு குன்றமும் எல்லையாகக் கொண்டு, நாற்பத்தொன்றாம் ஆட்சியாண்டில் செங்கோல் செலுத்தும் தும்பைநாட்டுக் கோமான் அருங்கோவேள் திருவாய் மலர்ந்தருளியபடி, திருவோலை நாயகன் மருங்கூர்ச் சேந்தன் எழுதுவித்த ஓலை. நொச்சிநாட்டு மதில்கள் ஓங்கி நிற்க. அந்நாட்டு ஏரிகள் கரை தளும்ப. அதனை ஆளும் நொச்சிக்கோமான் விண்ணவரையர் திருமுன் இது சென்று எய்துக.

தங்கள் ஓலை ஐப்பசி ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. அவையில் இருமுறை படிக்கப்பட்டது. மஞ்ஞையாற்று நடுவிலுள்ள நாணல்திட்டில் வரும் ஐந்தாண்டுக்கு எந்நாட்டு மாடு மேய்வது என்பதைக் கோலச்சீட்டு ஆடி முடிவு செய்வதும், ஆட்டத்துக்கு முன்பு இரு நாடும் தத்தம் சீட்டுக்கட்டிலிருந்து வலுக்குறைந்த ஒன்பது கோலங்களை நீக்கிப் பட்டியல் அனுப்புவதும் நம் இரு நாட்டின் உடன்படிக்கை. இம்முறை எங்கள் பட்டியலில் எம் அரசரின் அத்தையார் காந்தள்தேவியாரின் முடிக்கோலம் நீக்கப்பட்டு, அவருடைய கூடைக்கோலம் நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டு தாங்கள் சினந்தீர்கள். அரியணையில் வீற்றிருக்கும் சீட்டை எறிந்துவிட்டு, தங்கள் தந்தையார் படைக்குத் தப்பி மீன்கூடையோடு ஓடும் சீட்டை வைத்துக்கொள்வது நொச்சிநாட்டைக் குத்திக் காட்டவே என்றும், பட்டியலை மாற்றாவிடில் ஆட்டத்துக்கு ஆள் அனுப்பமாட்டோம் என்றும் எழுதினீர்கள்.

ஆட்டம் நடவாதுபோன ஆண்டில் இடையர்கள் திட்டில் கோலெடுத்து நின்றதும், இருபுறமும் சேர்த்துப் பதினான்கு பேர் மாண்டதும் தாங்கள் அறியாதன அல்ல. ஆதலால் மறுமொழியை இரண்டு வரியில் முடிக்காமல், அப்பட்டியல் எழுதப்பட்ட வரலாற்றை உள்ளபடி எழுதி அனுப்புமாறு அரசர் பணித்தார். அவரவர் பேசிய பேச்சையும் அவரவர் பேசியபடியே எழுதச் சொன்னார்.

பட்டியலை எழுதியவள் தத்தை என்பாள். கயிறு திரிக்கும் குடியில் பிறந்தவள், வயது முப்பத்தெட்டு, பதினோர் ஆண்டாக எங்கள் சீட்டு மண்டபத்தின் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருப்பவள். முப்பது வீரர், வீரருக்கு மூன்று கோலம் என்று தொண்ணூறு சீட்டும் அவள் கைக்குப் பழக்கம். ஆயினும் வலு ஆராயும்போது அவள் ஓவியச் சீட்டைத் தொடுவதில்லை. படம் கண்ணை ஏமாற்றும் என்பது அவள் கருத்து. பெயரும் எண்ணும் மட்டும் கீறிய வெற்று ஓலை நறுக்குகளை வைத்து, வாயிற்காவலன் ஒருவனையும் வண்ணாத்தி ஒருத்தியையும் எதிரெதிரே உட்கார்த்தி ஆடவிடுவாள். தோற்றால் அன்று முழுதும் யாரோடும் பேசாத சுபாவம் இருவருக்கும் உண்டு என்பதனாலேயே அவர்களைத் தேர்ந்தாள்.

நாற்பது நாளில் இருநூற்றுப் பதினாறு ஆட்டம் நடந்தது. எட்டுச் சீட்டுகள் எளிதில் அகப்பட்டன. மழைச்சீட்டு விழுந்தால்தான் வாள் உருவும் வீரன் ஒருவன். மழையோ பத்து ஆட்டத்துக்கு ஒரு முறைதான் விழுகிறது. குதிரையிழந்த கோலத்தில் நிற்கும் தண்டநாயகர் ஒருவர். அவரைக் களத்தில் இறக்கிய பின்பு, இறக்கியதை மறந்து விடுகிறார்கள். இப்படி எட்டு. ஒன்பதாவதாக வந்து நின்றது முடிக்கோலம்.

தத்தைக்கு அது பிடிக்கவில்லை. பிறந்த ஊரில் ஆற்றுத் திருவிழாவன்று யானைமேல் வைத்துக் காட்டப்படும் அந்தப் பொன் பூசிய சீட்டைக் கூட்டத்தில் முண்டியடித்துப் பார்த்தவள் அவள். தன் கணக்கில்தான் பிழை இருக்கும் என்று நினைத்து, அந்த ஒரு சீட்டுக்காகவே மேலும் முப்பத்தோர் ஆட்டம் நடத்தினாள். இரண்டில்தான் அது வென்றது. அவ்விரண்டிலும் எதிரே ஆடிய வாயிற்காவலனுக்குக் காய்ச்சல். காரணம் வெளிப்படை. சீட்டைக் களத்தில் இறக்க விலையாக மணி கொடுக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு மணியே கைக்கு வரும். முடிக்கோலத்துக்கு ஒன்பது மணி. ஆட்டமோ பெரும்பாலும் ஏழாம் சுற்றில் முடிந்துவிடுகிறது. தத்தை பெருமூச்சு விட்டு அதன் பெயரை எழுதி, கீழே தன் பெயரையும் எழுதினாள்.

பட்டியல் முதலில் மாளிகை நாயகர் கொற்றங்குடியாரிடம் சென்றது. அரசர் கைக்குழந்தையாய் இருந்த காலந்தொட்டு அரண்மனைக் காரியம் பார்ப்பவர் அவர்; எழுபத்தாறு வயதிலும் கண்ணாடிபோல் மழித்த முகம், மடிப்புக் கலையாத மேலாடை. அவர் தத்தையை அழைத்து உட்காரச் சொன்னார். அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“முடிக்கோலத்த நீக்கினா ஊர் என்ன பேசும் தத்தை? அதுல எவ்வளவு பொன் ஒட்டியிருக்குன்னு தெரியுமா?”

“பொன்னு ஆடாதுங்கய்யா. ஒம்பது மணி சேர்றதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடுது.”

“அதுக்குப் பதிலா கூடைக்கோலத்த எழுது. மீன்காரி மாதிரி ஒரு படம். அரச குலத்துக்கு அது அழகா? ஒரு பேர அடிச்சு ஒரு பேர எழுதறதுல உனக்கு என்ன குறைஞ்சு போகுது?”

“அது நம்ம கட்டுலயே நல்ல சீட்டு மூணுல ஒண்ணுங்கய்யா. ரெண்டே மணிதான். அத நீக்கிட்டு ஆடப்போனா நாணல்திட்டு கையவிட்டுப் போயிடும். கீழ என் பேரு வேற இருக்கு.”

கொற்றங்குடியார் அதற்குமேல் வாதாடவில்லை. மண்டபத்துச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார். பெயரை அவரே மாற்றி எழுதுவித்தார். கீழே இருந்த தத்தையின் பெயரை மட்டும் அப்படியே விட்டார். இதை வண்ணாத்தி வந்து சொன்னபோது, தத்தைக்கு வேலை போனதைவிட அதுதான் சுட்டது. ஏழு நாள் வீட்டில் கயிறு திரித்தாள். திரித்த கயிறெல்லாம் முறுக்குத் தவறிப் போயிற்று. எட்டாம் நாள், யாரும் வந்து முறையிடலாம் என்று கதவு திறந்திருக்கும் பொது அவைக்குப் போய் வரிசையில் நின்றாள்.

முறை வந்ததும் முன்னே வந்து வணங்கினாள். தான் எழுதாத பட்டியல் தன் பெயரில் எல்லை தாண்டப் போகிறது என்றும், தன்னை வேலையிலிருந்து நீக்கினாலும் சரி, தன் பெயரையும் சேர்த்து நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னாள். அரசர் கொற்றங்குடியாரை நோக்கினார். மாளிகை நாயகர் தயங்காமல், தாம் மாற்றியது உண்மை என்றும், மாண்பு கருதியே மாற்றியதாகவும் கூறினார். அரசர் இரு சீட்டையும் கொண்டுவரச் சொன்னார்.

அப்போது மறைப்புத் திரைக்குப் பின்னிருந்து காந்தள்தேவியார் எழுந்து வந்தார். தந்தையை இழந்த பச்சிளங் குழந்தையாய் இருந்த அரசரை அரசுக்கட்டிலில் வைத்து, பதினேழு ஆண்டு அவருக்காக இந்நாட்டை ஆண்ட அத்தையார் அவர், வயது எழுபது. தம்மைப் பற்றிய வழக்கைத் தாமே ஆடிப் பார்ப்பதாகச் சொல்லி, தத்தைக்கு எதிரே தரையில் பாய் விரிக்கச் செய்து அமர்ந்தார். முடிக்கோலத்தைக் கையில் எடுத்தார்.

விட்டுக்கொடுத்து ஆடலாமா என்று தத்தை ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததை எங்களிடம் பிறகு மறைக்காமல் சொன்னாள். ஆனால் விட்டுக்கொடுத்தால் தான் சொன்னதே பொய்யாகிவிடும். ஆதலால் வாயிற்காவலனோடு ஆடுவதுபோலவே ஆடினாள். முதல் ஆட்டத்தில் தேவியார் ஆறாம் சுற்றில் தோற்றார். இரண்டாவதில் ஏழாம் சுற்றில். மூன்றாவதில் ஒன்பது மணியும் சேர்ந்து, பொன் சீட்டைக் களத்தில் வைத்த அதே சுற்றில் தோற்றார்.

தேவியார் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். “இந்தக் கோலத்துல நான் என்னத்தக் கிழிச்சேன்? பல்லக்குத் தூக்க ஒம்பது ஆளு. ஏறி எறங்கறதுக்குள்ள பொழுது போயிடும். அப்பவும் இதே கததான்.”

பின்பு கூடைக்கோலத்தைக் கேட்டு வாங்கி ஆடினார். ஐந்தாம் சுற்றில் வென்றார். அரசர் ஆசனத்தைவிட்டு இறங்கி வந்து, அது வென்றது எவ்வாறு என்று வினவினார். தத்தை விளக்கினாள்: “இந்தச் சீட்டுக்கு அடியில வேற எந்தச் சீட்டையும் ஒளிச்சு வைக்கலாங்க அரசே. எதிராளிக்கு அது தெரியாது, எடுக்கவும் முடியாது. கட்டுலயே பெரிய சீட்ட இதுக்கு அடியில வச்சுக் கரை சேத்துடலாம்.”

அரசர் சீட்டை எடுத்துப் பார்த்தார். முழங்கால் நீரில் நிற்கும் பெண், தலையில் மீன்கூடை. அந்தப் படத்தை அவர் அதுவரை கண்டதில்லை. அரண்மனைக் கட்டுகளில் அது மட்டும் இராதபடி கொற்றங்குடியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் கூடைக்குள்ள என்ன இருந்துச்சு அத்தை?”

அவையில் முதியவர்கள் தலை கவிழ்ந்தனர்.

“நீதான்டா இருந்த,” என்றார் தேவியார். எல்லார் முன்பும் அரசரை அவர் அப்படி விளித்தது அதுவே முதல் முறை.

அரசர் படத்திலிருந்த கூடையை விரலால் தொட்டு, “என்ன மீனு?” என்றார்.

“கெளுத்தி. மேல ரெண்டடுக்கு மீனு, அதுக்குக் கீழ தழை, தழைக்குக் கீழ நீ. மூணு நாள் உன்மேல அந்த வாடை போகல. குளிப்பாட்டிக் குளிப்பாட்டி என் கை சுருங்கிப் போச்சு.”

குழந்தையாய் இருந்தபோது நூறு வீரர் காவலோடு பொற்சிவிகையில் தலைநகர் சேர்ந்ததாகவே அரசர் நாற்பதாண்டு கேட்டு வளர்ந்தவர். அவர் கொற்றங்குடியார் பக்கம் திரும்பினார். முதியவர் மேலாடையை இறக்கி இடையில் கட்டிக்கொண்டு, அந்தச் சிவிகைக் கதையைக் கட்டியவர் தாமே என்று ஒப்பினார். “மீன்கூடையில வந்த பிள்ளைக்கு அன்னைக்கு எந்தச் சிற்றரசன் தலை வணங்கியிருப்பான் அரசே? அன்னைக்கு அது வேண்டியிருந்துச்சு. அப்புறம் நிறுத்தத் தெரியல.” அரசர் அவர் தோளைத் தொட்டு, அன்று அக்கதை தம் உயிரைக் காத்தது என்றும், இனி அது வேண்டாம் என்றும் கூறினார். தண்டனை விதிக்கவில்லை. சாவியை வாங்கித் தத்தையின் கையில் கொடுத்தார். அவள் அதை இறுகப் பிடித்ததில் உள்ளங்கையில் சாவியின் வடு இரண்டு நாள் இருந்தது.

ஆகவே தாங்கள் கண்ட பட்டியல் தத்தை முதலில் எழுதிய பட்டியலே. இவ்வோலையின் தலைப்பில் எம் அரசருக்குரிய பட்டங்களுள் ‘பொற்சிவிகை ஏறி வந்தோன்’ என்பது இல்லாதிருப்பதைத் தங்கள் ஓலைக்காரர் பிழையெனக் கருதற்க. அது அரசர் ஆணையால் நீக்கப்பட்டது.

கூடைக்கோலத்தில் நொச்சிநாட்டுப் படையின் உருவம் ஓரிடத்தும் இல்லை. அது நின்றது வலுவினால் மட்டுமே. ஐயமிருப்பின் தங்கள் ஆராய்ச்சியாளர் இங்கே வரலாம். வெற்று நறுக்குகளும் வாயிற்காவலனும் வண்ணாத்தியும் ஆயத்தமாய் இருப்பார்கள். நீக்கிய முடிக்கோலத்தை இதனுடன் பட்டில் பொதிந்து அனுப்புகிறோம். பார்க்க மிக அழகியது. ஆடுவதற்கு எடுக்கற்க.

இனி, காந்தள்தேவியார் தம் வாயால் சொல்லி எழுதச் செய்த செய்தி. அன்று மஞ்ஞையாற்றில் அவரைக் கரை கடத்திவிட்ட ஓடக்காரர் நொச்சிநாட்டவர். நடு ஆற்றில் கூடைக்குள்ளிருந்து குழந்தை அழுதது. துறையில் தங்கள் தந்தையார் வீரர்கள் நின்றார்கள். ஓடக்காரர் கூடையைப் பார்த்தார், தேவியாரைப் பார்த்தார். பின்பு தொண்டை கிழிய ஏலேலோ பாடிக்கொண்டே துடுப்புப் போட்டார். அக்கரை சேரும்வரை பாட்டை நிறுத்தவில்லை, கூலியும் வாங்கவில்லை. தங்கள் சீட்டுக்கட்டில் அவருக்கு ஒரு சீட்டு எழுத மனம் உண்டாயின், தேவியார் ஓவியர் முன் அமர்ந்து முகத்தைச் சொல்ல இசைகிறார். வலப்புருவத்தில் வெட்டுத் தழும்பு என்பது வரை நினைவில் உள்ளது. பெயர் மட்டும் தெரியாது. கேட்க நேரமில்லை.

அப்பெயரைத் தங்கள் துறைமக்களிடம் விசாரித்து எழுதியனுப்புமாறு எம் அரசர் வேண்டுகிறார். ஓலை கொணரும் ஆள் அப்பெயர் கிடைக்கும்வரை தங்கள் வாயிலிலேயே இருக்கப் பணிக்கப்பட்டுள்ளான். அவனுக்கு நிழலும் சோறும் அருளுக.

இது தும்பைப்பூ முத்திரை இட்டது. அரசர் கைச்சாத்து, காந்தள்தேவியார் கைச்சாத்து, பட்டியலுக்குப் பொறுப்பு, தத்தை. இரு கரையும் இனிது வாழ்க.