மீன் சட்டியில் ஊறிய பாசி

செப்டம்பர் 24, புதன்

திண்டிவனத்துப் பயிற்சியில் கொடுத்த காய்ந்த கடற்பாசியை அத்தை முகர்ந்து பார்த்தார். தீர்ப்பு வந்துவிட்டது. "கவிச்சி அடிக்குது. பொரட்டாசில இத ஊட்டுக்குள்ள எடுத்துக்கினு வர்றியே?"

கடலில் வளரும் கீரை மாதிரிதான் அத்தை, அயோடின் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, தைராய்டு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும் - பயிற்சியில் கேட்டதை எல்லாம் ஒப்பித்தேன். கடலிலிருந்து வந்தால் கவிச்சிதானாம். அப்போ மரக்காணத்து உப்பு எங்கேயிருந்து வருதாம்?

அக்டோபர் ஏழு, விழுப்புரத்தில் உணவுத் திருவிழா. எங்கள் மகளிர் குழுவுக்காக நான்தான் பாசி கலந்த கேப்பை அடை செய்ய வேண்டும். என்னை நம்பி முதன்முதலாக ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். செய்து பழகாமல் எப்படிப் போவது?

செப்டம்பர் 25

மூன்று தண்ணீரில் அலசி ஊறவைத்துவிட்டு முருங்கைக்கீரை ஒடிக்கப் போனேன். வந்து பார்த்தால் கிண்ணம் காலி. கழனித் தொட்டியில் கொட்டியிருக்கிறார்! மாடு நக்கித் தின்றுகொண்டிருந்தது.

"மாடு கவிச்சி துன்னுமா அத்தை?" என்று கேட்டேன்.

செப்டம்பர் 27, சனி

காலையில் நாமம் போட்டுக்கொண்டு பெருமாளுக்குப் படைத்த என் கணவர் வல்லரசு, சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஆம்லெட் தின்றுவிட்டு, வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டு வருகிறார். எனக்குத் தெரியாதா அந்த வாசனை? வந்ததும் எனக்குப் புத்திமதி வேறு: "அம்மா மனச ஏன் நோவடிக்கிற? மாசம் முடியட்டும், உடேன்."

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

செப்டம்பர் 30

பக்கத்து வீட்டுக் கவிதாவின் அடுப்பில் செய்து பார்த்தேன். பாசியிலேயே உப்பு இருப்பதை மறந்து, கைப்பழக்கத்தில் உப்பு போட்டுத் தொலைத்தேன். த்தூ!

அக்டோபர் 7, செவ்வாய்

மத்தியானத்துக்குள் அடை தீர்ந்துபோனது. திரும்ப வந்து கேட்டவர்களும் உண்டு. அந்தச் சந்தோஷத்தை வாசல் வரைக்கும்தான் கொண்டுவர முடிந்தது.

"வெளியவே குளிச்சிட்டு உள்ள வா" என்றார் அத்தை.

குளிக்கணுமா? நான் என்ன சாவு வீட்டுக்கா போயிட்டு வந்தேன்? வாய் நிற்கவில்லை. "ஒங்க புள்ள பொரட்டாசி சனிக்கெழம துன்ன ஆம்லெட்டுக்கு யாரு குளிச்சது?"

திண்ணையில் இருந்த என் கணவர் குனிந்த தலையைத் தூக்கவில்லை. நான் குளிக்காமலே உள்ளே போனேன்.

அக்டோபர் 8

அத்தை தானே சோறு போட்டுக்கொண்டார். நானும் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

புரட்டாசி முடிந்து முதல் ஞாயிறு. அத்தை மீன் சட்டியைக் கழுவி என் முன்னால் வைத்தார். "அந்தப் பாசி மிச்சம் கீதா, இல்லியா? இதுல ஊற வையி."

கீரைக்கு மீன் சட்டி! சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு ஊறவைத்தேன். இரண்டு அடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உப்பு சரியாக இருக்கிறதாம்.

என் கணவரும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நீ போய் குளிச்சிட்டு வா" என்றார் அத்தை.

"காலையிலயே குளிச்சிட்டனே?"

"இன்னொரு தபா குளி."

துண்டை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அவர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. மூன்றாவது அடையையும் அத்தை தட்டில்தான் போட்டேன்.