துடைக்காத திருநீறு

எலப்புள்ளி,
12 செப்டம்பர் 1974

மலைமேல் எஸ்டேட்டில் இருக்கும் தம்பி கந்தப்பனுக்கு, கீழே வெயிலில் காயும் உம்முடைய பழைய போதகர் அருமைநாயகம் எழுதுவது. உமக்கும் உம் மனைவி பொன்னாத்தாளுக்கும் கர்த்தருடைய சமாதானம் உண்டாவதாக.

என் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடத் தோன்றும். அதற்காகக் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கடைசி வரை வாசித்துவிடும். விலாசம் உம் மாமியாரிடம் வாங்கினேன். கொடுப்பதற்கு முன் அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நீர் அடித்துவந்த நம் சபைக் கோயில் மணியை, நீர் போன பிறகு ஆளுக்கொரு விதமாக அடிக்கிறார்கள். போன மாதம் ஞாயிறு மணியைச் சாவு மணி என்று நினைத்து, கஞ்சிக்கோட்டிலிருந்து வந்த இரண்டு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். வந்தவர்களை விடுவேனா, பிரசங்கம் முடியும் வரை உட்கார வைத்தேன். ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது. என் வீட்டம்மாளுக்கு முழங்கால் வலி. எனக்கு வாய் மட்டும் ஓயவில்லை. அங்கே எஸ்டேட் லயத்து வீடுகளில் மேகம் கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள்ளேயே வருமாமே, நிஜமா? அந்த ஈரத்தில் தீக்குச்சி எப்படிப் பற்றுகிறது? எதையாவது கேட்காமல் என்னால் இருக்க முடியாது, உமக்குத் தெரியும்.

ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை அன்று சரியாகக் கேட்காமல் போனேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அது திருவிருந்து ஞாயிறு. நீர் நெற்றி நிறையத் திருநீற்றோடு பீடத்தின் முன் முழங்காற்படியிட்டிருந்தீர். அம்மன் கோயிலுக்குப் போனீரா என்று கேட்டேன், போனதாகச் சொன்னீர். துடைத்துவிட்டு வாரும் என்றேன். நீர் துடைக்கவும் இல்லை, முழங்காலை விட்டு எழவும் இல்லை. சபை முழுவதும் பார்த்திருக்க, அப்பத் தட்டோடு உம்மைத் தாண்டிப் போனேன். ஆறு மாதம் திருவிருந்து கிடையாது என்று அந்த வாரமே எழுதியும் கொடுத்தேன். ஞானஸ்நானத்தின்போது அப்பா வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று நின்றவர் அல்லவா, இதுவும் அதே பிடிவாதம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் நீர் மலையேறிவிட்டீர்.

இப்போது ஆடி கடைசியில் உம் அண்ணன் மாரப்பன் கோலூன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றவரை உள்ளே அழைக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. இந்தப் பக்கத்தில் பேச்சு விட்டுப்போன பங்காளிகள் மறுபடி சேர்ந்தால், அம்மன் கோயிலில் ஒருவருக்கொருவர் திருநீறு பூசிக்கொண்டு, அந்த நெற்றியோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். அதற்கு முன் துடைத்தால் உறவு வேண்டாம் என்று அர்த்தமாம். நான் திருநெல்வேலிக்காரன். இங்கே பதினோரு வருஷமாகப் பிரசங்கம் பண்ணுகிறேன், இது எனக்குத் தெரியாது. பிரசங்கம் பண்ணுகிறவன் யாரிடம் போய்க் கேட்டான்?

அந்தத் திருவிருந்து ஞாயிறன்று ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தலைப்பாகையோடு ஒருவர் நின்றதை நானும் பார்த்தேன். யாரோ மாட்டு வியாபாரி என்று விட்டுவிட்டேன். அவர்தான் உம் அண்ணன். ஆராதனை முடிந்ததும் உம்மைச் சாப்பிடக் கூட்டிப்போகக் காத்திருந்தாராம். நீர் தலை கவிழ்ந்து வேறு வழியாகப் போனதைப் பார்த்துவிட்டு, தான் வந்து நின்றதே குற்றம் என்று திரும்பிவிட்டாராம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எங்காத்தா சாவுல அவன பந்தலுக்குள்ள உடாத பாவி நானுங்க, சாமி. கிறிஸ்து வேதத்துல சேந்தவன் ஆத்தாளத் தொடக்கூடாதுன்னு தடுத்துப்போட்டேன். அப்பறம் ஏழு வருசங் கழிச்சு அன்னைக்குத்தானுங்க அவன் நெத்தியத் தொட்டேன். அத அவன் எப்படீங்க தொடைப்பான்?”

தம்பி, சகோதரனோடு சமாதானமாகிவிட்டுப் பீடத்துக்கு வாருங்கள் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரிந்து இந்தச் சபையில் அப்படிச் செய்துவிட்டு வந்தவர் நீர் ஒருவர்தான். உமக்குத்தான் அப்பம் கொடுக்காமல் போனேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தாயின் முகத்தைப் பார்க்கவிடாதவரை எப்படி மன்னித்தீர்? அவர் வந்து கூப்பிட்டதும் சட்டென்று மனம் இளகியதா, அல்லது ஏழு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததா? உபதேசிக்க அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது.

போன ஞாயிறு, உம்மைத் தாண்டிப் போன அதே இடத்தில் நின்று, தவறு என்னுடையது என்று சபைக்குச் சொன்னேன். அப்படியானால் இனிமேல் யார் வேண்டுமானாலும் திருநீறு பூசிக்கொண்டு வரலாமா என்று ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். அதை இன்னொரு நாள் உட்கார்ந்து பேசுவோம் என்றேன். முதலில் கந்தப்பனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடும்.

முன்பு அண்ணன் இங்கே வந்தார். இப்போது தினமும் நான்தான் அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் எப்படி இருக்கிறார் என்று நீர் கேட்பீர். அதை மட்டும் எழுதக் கூடாது என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கியிருக்கிறார். தம்பி பரிதாபப்பட்டு வர வேண்டாம், மனசு வந்து வரட்டும் என்கிறார். வாக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் எழுதவில்லை.

என்னை மன்னிப்பதைப் பற்றி நிதானமாக யோசியும். எத்தனை வருஷமானாலும் நான் காத்திருப்பேன். அண்ணனிடம் வருவதற்கு மட்டும் யோசிக்க வேண்டாம். கிறிஸ்துமஸ் லீவு வரட்டும் என்று இருக்க வேண்டாம், சம்பள நாள் வரட்டும் என்றும் இருக்க வேண்டாம். இந்தக் கடிதம் சனிக்கிழமை கையில் கிடைத்தால், சனிக்கிழமையே பஸ் ஏறும்.

கர்த்தர் உம்மைப் பத்திரமாக மலையிறக்குவாராக.

இப்படிக்கு,
அருமைநாயகம்