நான் வெட்டிய வாசல்

மார்ச் 12, வியாழன், மாலை 5.20

குட்டிம்மா,

நேற்று ஒரு தவறு செய்துவிட்டேன். நான் போகும் மாலை வகுப்புக்கு அப்பா உன்னை அனுப்பாததால், அங்கே கொடுத்த பயிற்சியை வீட்டுக்கே கொண்டுவந்தேன். கிழித்த தாள்களை ஒட்டி ஒரு வீடு செய்து, அதற்கு ஒரு பக்கக் கதை எழுத வேண்டும். நீ பஸ் டிக்கெட்டுகளால் நம் வீட்டைச் செய்தாய். வாசலை மறந்துவிட்டாய் என்று நினைத்து, நீ குளிக்கப் போனபோது பிளேடால் ஒன்றை வெட்டிவிட்டேன்.

"மறக்கலக்கா, அதுதான் கதையே. தாள்ல வாசல் வெட்டுறது சுலபம். என்னையும் வெளிய விடச் சொல்லி அப்பாகிட்ட கேளேன் பாப்போம்" என்றாய். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாய்.

உன் கதையைப் படித்தேன். அதில் அக்கா தினமும் வெளியே போய்வருகிறாள்; தங்கைக்காக ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்பாவிடம் கேட்டால் என் வகுப்பையும் நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். அதுதான் உண்மை.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சிலிண்டர் வந்தால், பின்கதவுச் சாவி செருப்பு அலமாரியில் இருக்கிறது.

பி.கு.: வெட்டிய துண்டு என் டைரிக்குள் இருக்கிறது. ஒட்டலாமா என்று நீயே சொல்.

இன்னொன்று. நாளைய வேலை: காலையில் அப்பா கிளம்புவதற்குள், உன்னையும் மாலை ஆறு மணி வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவரிடம் சொல்வது.

அக்கா