அளவு சேராத ஷூ

தம்பிக்கு,

நேற்று எங்கள் கல்லூரி வேலைவாய்ப்பு முகாமில் ஆள் எடுக்க வந்த நீ, எல்லார் முன்னாலும் என்னை "மேடம்" என்றாய். போகட்டும், மரியாதை தெரிந்த பிள்ளை.

எப்படி உட்கார வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று மூன்று மாதம் என் மாணவர்களுக்குத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஒருவனான அந்த மெக்கானிக் மகன், நீ கேட்ட அத்தனைக்கும் பதில் சொன்னான். நீயோ, "ஷூவே அளவா போடத் தெரியல, இவனெல்லாம் என்னத்த வேலை பாக்கப் போறான் மேடம்?" என்று சிரித்தபடி அவன் விண்ணப்பத்தை ஒதுக்கினாய்.

அந்த ஷூவை அவனுக்குக் கொடுத்தது நான்தான். உன் முதல் நேர்காணலுக்கு உன் அத்தானிடம் இரவல் வாங்கிப் போனாயே, அதேதான். உனக்கும் பெரிதாகத்தான் இருந்தது. நுனியில் நீ திணித்த காகிதம் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.

இப்படிக்கு,
மேடம்