அரைப் போத்தில் கிணற்றுத் தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

நெடுந்தீவிலிருந்து இந்த விடுதிக்கு வெளிக்கிடும்போது, "புதுத் தண்ணி வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது, எங்கட தண்ணியையும் கலந்து குடி" என்று ஒரு போத்தில் தந்தீர்களே, அதனால் நேற்று வகுப்பில் ஒரு பகிடி நடந்தது. பயப்படாதீர்கள்.

வெங்காயத் தோலில் தண்ணீர் விட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். நான் எங்கள் போத்தில் தண்ணீரை விட்டேன். வெங்காயம் முழுக்கக் கல் அடுக்கியதுபோலச் சின்னஞ்சிறு கலங்கள், அம்மா. ஒவ்வொன்றுக்கும் வெளியே தாங்கி நிற்கக் கலச்சுவர், அதற்குள் மென்சவ்வு, நடுவில் தண்ணீரைச் சேமிக்கும் புன்வெற்றிடம். மற்றவர்களின் கலங்கள் நிறைந்திருந்தன. என்னுடையவற்றில் தண்ணீர் வெளியேறி, மென்சவ்வு சுவரைவிட்டு விலகிச் சுருங்கிக் கிடந்தது.

"ஆர் உப்புத் தண்ணி விட்டது?" என்றார் வாகீசன் சேர்.

"உப்பில்லை சேர், நாங்கள் குடிக்கிற தண்ணி."

பக்கத்தில் நின்ற டிலக்சனா ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினாள். சேர் சிரிக்கவில்லை.

"எங்கட உடம்புக் கலத்துக்குத் தாங்கி நிற்க அந்தச் சுவரும் இல்லை, பிள்ளை. உப்புக் கூடினால் அப்படியே சுருங்கிப்போகும்" என்றார்.

நான் போத்திலை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன். மழையில்லாமல் கிணற்றில் உப்பு ஏற ஏற, எங்கள் வாயும் பழகிவிட்டது போலும். இனி பவுசர் வண்டியில் கொண்டுவரும் தண்ணீரையே குடியுங்கள். கால் வீக்கத்தையும் டொக்டரிடம் காட்டுங்கள். இங்கே குளிர், என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

மகள்
யூலியட்

பி.கு: மீதி அரைப் போத்திலைக் கொட்டுமுன் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். எனக்கு இப்போதும் உப்புத் தெரியவில்லை, அம்மா.